பாதி காணும்

ஒரு நெருப்புக்குச்சியை மருந்துத் தலையோடு சேர்த்து இரண்டாகப் பிளக்க அவருக்குத் தெரியும். பிளேட்டின் நுனியைக் குச்சியின் தலையில் வைத்து, மூச்சை அடக்கி, ஒரே அழுத்தல். இரண்டு பாதியும் பற்றும். நான் முயன்றபோதெல்லாம் ஒரு பாதியோடு மருந்து முழுதும் போய்விடும். மற்றது வெறும் ஈர்க்காக மிஞ்சும்.

"கையை நடுங்க விடாதை பிள்ளை. பாதி காணும் எண்டு நினைச்சுக்கொண்டு அமத்து. அப்பதான் சரியாப் பிளக்கும்" என்பார்.

பாதி காணும், பாதியே போதும். அந்த ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் தாதிகளாக வேலை செய்த காலத்தில் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது அதுதான். என்னைவிட ஐந்து வருஷம் மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். நோயோடு வந்து கிடக்கிற வருத்தக்காரர் எல்லாத் தாதிகளையும் போல அவரையும் மிஸி என்பார்கள்.

குடாநாட்டில் மின்சாரம் நின்று இரண்டாவது வருஷம் அது. சண்டைக்காக அரசாங்கம் போட்ட தடையில், எது உள்ளே வரலாம், எது வரக்கூடாது என்று எங்கோ ஒரு பட்டியல் இருந்தது. வரலாம் என்றவையும் கேட்டதில் கால்வாசிதான் வந்தன. அவர் சவுக்காரத்தை நூலால் அறுப்பார். பிளாஸ்ரரை மெல்லிய நாடாவாகக் கிழிப்பார். பேனை மைக்குத் தண்ணீர் கலப்பார். அவர் எழுதியதெல்லாம் வெளிறின நீலமாக இருக்கும். குளிர்ப்பெட்டி ஓடாததால் இன்சுலின் போத்தல்களை ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் புதைத்து வைத்தோம். காலையும் மாலையும் அந்த மணலை நனைப்பது அவர் வேலை. ஊசி போடுமுன் போத்தலை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். "இவருக்குக் காய்ச்சல் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் என் கையில் தருவார்.

காலில் புண்ணோடு கிடந்த ஒரு கிழவனார் ஒருநாள் கேட்டார்: "மிஸி, எல்லாத்தையும் பாதியாக்கிறியள். ஊசியையும் பாதியாக் குத்தினால் எனக்கு நோவும் பாதியாப் போமே?"

"நோ முழுசாத்தான் அப்பு. அதுக்கு மட்டும் தடை இல்லை. வேணுமெண்டால் ரெண்டு தரம் குத்தி விடுறன்."

கிழவனார் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரரும் எழும்பி உட்கார்ந்தார்.

நான் ஏன் அவரோடு அவ்வளவு ஒட்டிக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் குருநகரில் பிறந்தவள். ஐயா கடலுக்குப் போனவர், அம்மா மீன் விற்றவர். எங்கள் வீட்டில் எழுதப் படித்த முதல் ஆள் நான். என் நியமனக் கடிதம் வந்த அன்று ஐயா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அம்மா அதைத் திருஇருதயப் படத்துக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டினார். எழுத்து என்றால் எங்கள் வீட்டில் மெழுகுதிரி கொளுத்திக் கும்பிடுகிற பொருள். எழுதியிருக்கிறது என்றால் அது உண்மை. நானும் அப்படித்தான் நம்பி வளர்ந்தேன்.

தாதிகள் விடுதியில் முதல் நாள் என் கோப்பையை யாரோ மற்றக் கோப்பைகளிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "கடற்கரைப் பிள்ளையாம். அதுதான் குசினிக்கை மணக்குது" என்று ஒருத்தி சொல்ல இரண்டு பேர் சிரித்தார்கள். நான் முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அழுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவெடுத்து வந்திருந்தேன்.

அக்கா கரவெட்டிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். சாதியால் சிரித்தவர்களின் பக்கம்தான். எழும்பி வந்தார். கையிலிருந்த பணிஸ் ரொட்டியை இரண்டாகப் பிய்த்தார். ஒன்றை என் கையில் வைத்து, என் கோப்பையை எடுத்துத் தனக்குத் தேநீர் ஊற்றி, எல்லாரும் பார்க்கக் குடித்தார். "பனங்கட்டி எங்கை? கடிக்க இனிப்பில்லாமல் இந்தக் கயர்த் தேத்தண்ணியை எப்பிடிக் குடிக்கிறது?" என்றார், வேறொன்றும் நடக்காததுபோல.

அதற்குப் பிறகு என் கோப்பையை யாரும் நகர்த்தவில்லை. அவருக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

சீனி வருத்தக்காரருக்குச் சீனி பார்க்க எங்களிடம் ஸ்ரிப் இருந்தது. விரல் நீளமான ஒரு தாள். விரலில் குத்தி ஒரு துளி இரத்தத்தை அதன் நுனியில் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, பஞ்சால் துடைத்து, இன்னொரு நிமிஷம் பொறுத்தால் நிறம் எழும்பும். அதைப் போத்தலில் ஒட்டியிருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். சீனி கூடினால் கறுக்கும், குறைந்தால் வெளிறும். அவர் ஒரு ஸ்ரிப்பை நீளவாக்கில் மூன்று கீலமாக வெட்டுவார். மூன்றாக வெட்டும்போதும் "பாதி காணும்" என்றுதான் சொல்வார். மூன்றில் ஒன்றும் அவருக்குப் பாதிதான். அதில் களவு இல்லை. பெரிய டொக்டருக்கும் தெரியும். கீலத்திலும் நிறம் சரியாகவே வந்தது.

கீலமும் இல்லாமல் சீனி சொல்லும் பழக்கமும் அவரிடம் இருந்தது. வருத்தக்காரரின் நெற்றியைத் தொடுவார், வாயின் மணத்தைப் பிடிப்பார், நாக்கைப் பார்ப்பார். ஒரு எண்ணைத் தன் உள்ளங்கையில் எழுதி மூடிக்கொண்டு, "இப்ப பார் பிள்ளை" என்பார். நான் ஸ்ரிப்பில் பார்ப்பேன். பந்தயம் ஒரு பனங்கட்டித் துண்டு. பத்தில் எட்டுத்தரம் அவர்தான் வெல்வார்.

"இப்பிடித் தெரியுதெண்டால் பிறகென்னத்துக்கு ஸ்ரிப்?" என்று ஒருநாள் விளையாட்டாகக் கேட்டார்.

"மிச்ச ரெண்டு தரத்துக்கு, அக்கா."

"ஓம் ஓம், வாத்தியாரம்மா" என்று என் காதை முறுக்கினார்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

உடுப்பிட்டியிலிருந்து காலையில் ஒரு அம்மாவை உழவு மெசினின் பெட்டியில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஓடி வந்தவள் போல மூச்சு. வாயில் அழுகின பழத்தின் மணம். சீனி தலைக்கு மேலே. கூட ஒரு மகள், பதினெட்டு வயது, தாயின் செருப்பைக் கையில் பிடித்தபடி. டொக்டர் அவசர சிகிச்சை அறையிலேயே சேலைன் ஏற்றி, இன்சுலினும் தொடங்கினார்.

"மணித்தியாலத்துக்கு ஒருக்கால் சீனி பாக்க வேணும். பாத்துப்போட்டுத்தான் அடுத்த ஊசி. இருநூற்றைம்பதுக்குக் கீழை இறங்கினால் உடனை எனக்கு ஆளனுப்புங்கோ. ஊசியைக் குறைச்சுக் குளுக்கோஸ் ஏத்த வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார். தென்மராட்சியில் ஷெல் விழுந்து காயப்பட்டவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அன்று கடமையில் அவர் ஒருவர்தான்.

காலை ஏழு மணியிலிருந்து வேலை அக்காவுக்கு. ஒரு மணிக்கு நான் ஏற்றேன்.

"உடுப்பிட்டி அம்மா நல்லா இறங்கி வாறா பிள்ளை" என்றார், கைகழுவிக்கொண்டு. "ஒரு மணிக் கணக்கும் எழுதிப் போட்டன். நீ ஊசியைப் போடு. இனி ரெண்டு மணிக்குப் பாத்தால் காணும்."

கட்டில் தலைமாட்டில் தொங்கிய ரிக்கற்றை, அந்த நோய்க்குறிப்புத் தாளை, எடுத்துப் பார்த்தேன். ஏழு கட்டம், ஏழு எண். நானூற்றெண்பதில் தொடங்கிப் படிக்கட்டுப்போல இறங்கிக் கடைசிப் படி இருநூற்றெழுபது. வெளிறின நீலத்தில், அச்சடித்த மாதிரி எழுத்து. எழுதியிருக்கிற கட்டத்துக்கு இன்னொரு கீலத்தை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை. அவரிடமிருந்து நான் அதைப் பழகியிருந்தேன். மண்சட்டியிலிருந்து போத்தலை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஊசியைப் போட்டேன்.

அரை மணி போயிருக்கும். மகள் வந்தாள்.

"மிஸி, அம்மாவுக்கு வேர்க்குது."

"ஃபான் ஓடேல்லை தானே. எனக்கும் வேர்க்குது."

போனாள். நான் காயக்காரருக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தாள்.

"கை குளிருது மிஸி. வாய்க்கு வந்தபடி அலம்புறா. என்னை ஆரெண்டு கேக்கிறா."

நான் எழும்பிப் போனேன். ஆனால் அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ரிக்கற்றை எடுத்து மகளிடம் காட்டினேன். "இஞ்சை பார். இருநூற்றெழுபது. சீனி இன்னும் கூடத்தான் கிடக்கு. அதாலைதான் அலம்புறா."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உந்தக் கணக்கு எனக்கு விளங்காது மிஸி. அம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு."

என் அம்மா அந்த இடத்தில் நின்றிருந்தால் நெற்றியில் கைவைத்துப் பார்த்திருப்பார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.

இரண்டு மணிக்குக் கீலத்தை எடுத்தேன். நிறம் எழும்பவில்லை. கீலம் பழுதுபோல என்று இன்னொன்றை எடுத்தேன். அதுவும் வெள்ளையாகவே கிடந்தது. மூன்றாவதற்குக் கை போனபோது அந்த அம்மாவுக்கு வலிப்பு வந்தது. கட்டில் ஆடியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, சீனி அடியோடு இறங்கிவிட்டது என்று. அலுமாரியைத் திறந்து, குளுக்கோஸை உடைத்து, சேலைன் குழாய் வழியே ஏற்றினேன். டொக்டர் இரத்தம் தோய்ந்த அங்கியோடு ஓடி வந்தார். வலிப்பு நின்றது. கண் திறந்தது. ஆனால் அந்தக் கண்ணில் ஆள் வரவில்லை.

மகள் சுவரோடு நின்றாள். "நான் சொன்னனான் தானே மிஸி" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

டொக்டர் போன பிறகுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த தட்டத்தைப் பார்த்தேன். பாவித்த கீலங்களை அதற்குள்தான் போடுவோம். நான் போட்ட இரண்டும் வெள்ளையாகத் தனியே கிடந்தன. நிறம் எழும்பிக் காய்ந்த பழைய கீலங்களைப் பஞ்சைக் கிளறி எண்ணினேன். நாலு. மறுபடி எண்ணினேன். ரிக்கற்றில் ஏழு எண். தட்டத்தில் நாலு கீலம்.

செய்தி கேட்டு அக்கா விடுதியிலிருந்து வந்தார். தலை ஈரம். நான் தட்டத்தைக் காட்டினேன்.

"நாலுதான் கிடக்கு அக்கா."

அவர் முக்காலியில் இருந்தார். பிறகு சொன்னார்: "பத்து மணிக்குப் பாக்கேல்லை. பன்னிரண்டுக்கும் பாக்கேல்லை. ஒழுங்கா இறங்கிக்கொண்டிருந்தது பிள்ளை. இதுதான் வருமெண்டு தெரியும் தானே."

"ஒரு மணிக்கு?"

"வெறுங்கட்டம் விட்டால் மேற்றன் ஏசுவா. அதாலை எழுதினனான். நீ வந்து பாப்பாய்தானே எண்டு..." நிறுத்தினார். "போத்திலிலை எத்தினை ஸ்ரிப் கிடக்கு தெரியுமே? நாளைக்கு ஒரு சின்னப்பிள்ளை இப்பிடி வந்தால் எதைக்கொண்டு பாக்கிறது?"

அந்த நேரத்தில்கூட அவர் சொல்வதில் நியாயம் இருப்பதுபோலத்தான் இருந்தது.

"விசாரிப்பினம்" என்றார். "நீ ஒண்டும் கதையாதை. உனக்கு இதிலை ஒண்டுமில்லை. என்ரை வாயாலை நானே எல்லாத்தையும் சொல்லுறன்."

நான் தட்டத்தை அவரிடம் விட்டுவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டபோதும் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. சுத்தமான ஆள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் விசாரணை. பெரிய டொக்டரின் அறை. அவரும் தலைமைத் தாதியான மேற்றனும் மேசைக்கு அந்தப் பக்கம். நாங்கள் இருவரும் இந்தப் பக்கம். அக்கா வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துவிட்டுப் பேசினார்.

"ரிக்கற்றிலை இருக்கிறது என்ரை எழுத்துத்தான் டொக்டர். ஒரு மணிக்கு நான் வேலையை ஒப்படைச்சிட்டன். ஊசி போட்டது இவ. அதுக்குப் பிறகு நான் அறையிலை இல்லை. மகள் ரெண்டு தரம் வந்து சொன்னதெண்டு பிறகுதான் கேள்விப்பட்டன்."

அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லும் உண்மை. மற்றதைச் சொல்லப் போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார்.

"மகள் வந்து சொன்னது மெய்யே?" என்று மேற்றன் என்னைக் கேட்டார்.

"ஓம் மேடம்."

"வேர்க்குதெண்டு சொன்னவளோ?"

"ஓம்."

"இன்சுலின் போட்ட ஆளுக்கு வேர்த்தால் என்ன செய்யிறதெண்டு உமக்குப் படிப்பிச்சவையோ இல்லையோ?"

"படிப்பிச்சவை." பிறகு சொன்னேன்: "ஏழு எழுதிக் கிடக்கு மேடம். கீலம் நாலுதான் கிடந்தது."

"எங்கை அந்தக் கீலம்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார் மேற்றன், குரலைத் தணித்து, "பிழை விட்டால் ஒத்துக்கொள்ள வேணும். உமக்கு நன்மை செய்த ஆளிலை பழியைப் போடக்கூடாது. நீர் வந்த புதிசிலை உமக்காக இவ எங்களோடை எவ்வளவு கதைச்சவ எண்டு உமக்குத் தெரியுமே?"

தெரியாது. அன்றுதான் தெரிந்தது. எனக்காகப் பேசிய அந்த வாய்தான், அந்த அறையில் மூடிக்கொண்டிருந்தது.

வெளியே வராந்தாவில் அவர் என் முழங்கையைப் பிடித்தார். "நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை பிள்ளை. உன்னை வேலையாலை நிப்பாட்ட மாட்டினம். இளம் ஆள் எண்டு விடுவினம். என்னையெண்டால் விடாயினம். வீட்டிலை என்ரை சம்பளத்தை நம்பி நாலு பேர்."

என் வீட்டிலும் நாலு பேர்தான். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

கடிதம் வந்தது. கடமையில் கவலையீனம் என்று எச்சரித்து, என்னைப் புண் கட்டுகிற அறைக்கு மாற்றியிருந்தார்கள். அந்தக் கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா அதைப் பையில் கண்டெடுத்தார். அரசாங்க முத்திரையைக் கண்டதும் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத்தான் தொட்டார்.

"என்ன மோனை எழுதிக் கிடக்கு? வாசியன்."

"வேறை பகுதிக்கு மாத்தியிருக்கினம் அம்மா."

"வேறை என்ன?"

"அவ்வளவுதான்."

அவர் சுவரில் சட்டத்தைப் பார்த்தார். இதையும் மாட்டுவோமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். பாதிதான் வாசித்தேன் என்பது அம்மாவுக்குத் தெரியாது. அன்று எனக்கு அக்காவின் மேல் இருந்த கோபம் அருவருப்பாக மாறியது. அது யார் மேலான அருவருப்பு என்று பிரிக்க முடியவில்லை.

உடுப்பிட்டி அம்மா ஒன்றரை மாதம் வாட்டில் கிடந்தார். கை கால் அசைந்தது. பேச்சு ஒரு சொல்லோடு நின்றுவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றாலும் மிஸி, நோ என்றாலும் மிஸி. மகள் தலை வாரிவிடும்போது அவளையும் மிஸி என்றே கூப்பிட்டார். அவள் "ஓம் அம்மா" என்று மறுமொழி சொல்வாள். நான் அந்த வாட்டு வழியே போவதைத் தவிர்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் போனேன். மகள் ஒரு நாளாவது என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் "சாப்பிட்டியளோ மிஸி" என்று மட்டும் கேட்பாள்.

ஒரு வருஷம் கழித்து ஆள் இல்லாமல் என்னை அவசர சிகிச்சை அறைக்குத் திருப்பி எடுத்தார்கள். அதே கட்டில், அதே மண்சட்டி. ஸ்ரிப் இருந்தால் முழு ஸ்ரிப்பில் பார்ப்பேன். இல்லாவிட்டால் அந்த மணிக்குரிய கட்டத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதுவேன். மேற்றன் இரண்டு தரம் கூப்பிட்டுப் பேசினார். "வெறுங்கட்டத்தைவிட இது மோசம். பாக்கிற ஆக்கள் என்ன நினைப்பினம்?" நான் நின்று கேட்டுவிட்டு வந்து மறுபடியும் அப்படியே எழுதினேன்.

அக்காவுக்கு வெளிநாட்டிலிருந்த தமையன் ஒழுங்கு செய்து, கொழும்புக்குப் போக அனுமதிப் பாஸ் கிடைத்தது. போகிற அன்று மத்தியானம் அறைக்கு வந்தார். விசாரணைக்குப் பிறகு நாங்கள் வேலைக் கதை தவிர ஒன்றும் கதைத்ததில்லை. மண்சட்டியின் மணலைத் தொட்டு ஈரம் பார்த்தார். பழக்கத்தில் முதல் கட்டிலின் ரிக்கற்றைத் தூக்கினார். பதினொரு மணி: முந்நூற்றுப் பத்து. பன்னிரண்டு மணி: பார்க்கவில்லை. அந்த இரண்டாவது கட்டத்தில் அவர் கண் நின்றது.

"இப்பிடி எழுதினால் உனக்குத்தானே பிள்ளை பேச்சு விழும்."

"ஓம் அக்கா. விழுறது."

ரிக்கற்றை ஓசையில்லாமல் மாட்டினார். பையிலிருந்து ஒரு பணிசை எடுத்தார். இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை என் மேசையில், பஞ்சுப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிள்ளை, அண்டைக்கு நான்..." என்றார்.

நான் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். வராந்தாவில் யாரோ வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். அவர் உதடு அசைந்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சாவகச்சேரி பஸ்ஸை விட்டிடுவன். போட்டு வாறன்."

வாசல்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிச்சத்தைச் சொல்லத் திரும்புவார் என்று நின்றேன். திரும்பவில்லை. ஒரு மணி ஆகியிருந்தது. சற்றுமுன் வந்து சேர்ந்த புதிய ஸ்ரிப் போத்தலைத் திறந்து, ஒரு முழு ஸ்ரிப்பை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். வருத்தக்காரரின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, விரலைப் பிடித்தேன்.

அந்தப் பாதிப் பணிசைக் கடைசியில் எறும்பு கொண்டுபோனது.